ஏழாவது படிக்கு முன்னால் ஒரு வரி

மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கிற தொழிற்சாலை அது. வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே இருக்கும் தாளைப் பார்த்துத் தானே திருகிக் கட்டிக்கொள்ள வேண்டும். நூறு பெட்டிக்கு ஒரு பெட்டியைப் பிரித்து, தாளில் சொன்னபடியே கட்டி, நிற்கிறதா சாய்கிறதா என்று பார்ப்பதுதான் பூதக்கண்ணாடியின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. திருகாணிப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் எண்ணுகிற தோரணையைப் பார்த்து, பெட்டி ஒட்டுகிறவர்கள் பதினாறு வருஷத்துக்கு முன்பே பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

கட்ட உட்கார்ந்தால் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிடுவாள். முதல் தடவை பார்க்கிற மக்கு மாதிரிதான் உட்காருவாள். தாளில் இடது என்றிருந்தால் இடது. தப்பென்று கண்ணுக்குத் தெரிந்தாலும் இடதுதான். ஒருமுறை அப்படிக் கட்டிய பீரோவுக்குக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. மேலாளர் வந்து பார்த்தார்.

"இதுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டுத்தான் திறக்கணும் போலிருக்கே."

"தாள்ல அப்படித்தான் சார் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

தாள் மாறியது. யாரும் நன்றி சொல்லவில்லை. நாற்பத்துமூன்று வயதாகியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "வந்த மாப்பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு திருகாணி குறைஞ்சுது" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் அவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிடுவாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அவன் செருப்புத் தைக்கிறவன், ஆனால் கடையில் கிடைக்கிற செருப்புப் பொருந்தாதவர்களுக்கு மட்டும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையானவர்கள், விபத்தில் கணுக்கால் திரும்பிப் போனவர்கள், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டவர்கள். ஒரு காலுக்குச் சரியான ஷூ அமைய மூன்று நான்கு தடவை தைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். ஷூ தைக்கும் கால் வடிவ மர அச்சைத் தேய்த்து அடுத்த காலுக்கு மாற்றிவிடுவான், அதனால் அச்சில் எதுவும் மிஞ்சாது. எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் சீவினோம், எங்கே கார்க் வைத்தோம், எது வலித்தது, எது வலிக்கவில்லை என்று பாதத்தின் படத்தோடு சேர்த்து எழுதி வைத்தால்தான் உண்டு.

அதற்காகத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அவனுடைய கணினியில் பெட்டகத்தைப் போட்டுக் கொடுத்தாள். பெட்டகம் என்பது படத்தையும் குறிப்பையும் சேர்த்து வைக்கிற இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதியவர்களுக்கும் சம்பளம் கிடையாது, ஆசையில் எழுதுகிறவர்கள். அதை எப்படி நிறுவுவது என்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது, பதினோரு படிகள். மக்கு மாதிரி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனவள் மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். மூன்றாவது படி திறக்கச் சொன்ன கோப்பு ஐந்தாவது படியில்தான் பிறந்தது.

"பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்றானுங்கடா," என்றாள் தம்பியிடம்.

படிகளை இடம் மாற்றி எழுதி அனுப்பினாள். மறுநாள் எங்கோ இருக்கிற யாரோ ஒருவர், "மிகச் சரி, மிக்க நன்றி" என்று பதில் எழுதியிருந்தார். அதை நான்கு தடவை படித்தாள். தப்புக் கண்டுபிடித்ததற்காக ஒருவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று பிடித்த பைத்தியம் விடவே இல்லை. சாப்பாட்டு இடைவேளையிலும் சனிக்கிழமை மதியங்களிலும் பெட்டகத்தின் பக்கத்தைத் திருத்துவாள். ‘கடைசித் திருகாணி’ என்பது அங்கே அவள் பெயர். விடுபட்ட அடைப்புக்குறி, மாறிப்போன எண், செத்துப்போன இணைப்பு என்று எல்லாம் சின்னச் சின்னத் தப்புகள். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் தன் அறையில் இருந்த ஒரு கிழட்டு லேப்டாப்பில் செய்து பார்ப்பாள். அதற்குக் கழுதை என்று பெயர். கழுதையில் உள்ளதையெல்லாம் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, முதல் படியிலிருந்து பதினோராவது படிவரை ஏறினால்தான் அவளுக்குத் திருப்தி. அப்படி ஏறாமல் ஒரு காற்புள்ளியைக்கூட அவள் தொட்டதில்லை.

இருநூறு திருத்தம் செய்தவர்களின் பெயரை மென்பொருளின் முதல் பக்கத்தில் போடுவது அங்கே வழக்கம். அவள் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருந்தாள். அந்த இரண்டு நம்பர் அவளைத் தூங்கவிடவில்லை என்றால் மிகைதான். ஆனால் குளிக்கும்போது நினைவுக்கு வந்தது.

ஏழாவது படி, பதிவுகள் எல்லாம் இருக்கும் பழைய கிடங்கை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்குவது. அதற்கு முன்னால் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘நில்லுங்கள். பழைய கிடங்கை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டீர்களா?’ இதே சங்கதி பக்கத்தின் தலைமாட்டிலும் இருந்தது. ஒரே விஷயத்தை ஒரு தாளில் இரண்டு தடவை சொன்னால் அவளுக்குக் கை அரிக்கும். தொழிற்சாலைத் தாளிலும் அப்படித்தான் அடித்துவிடுவாள். கழுதையைத் துடைத்து, அந்த வரி இல்லாமல் முழுவதும் ஏறிப் பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லை. ‘இரண்டு முறை வருகிறது, ஒன்றை நீக்கினேன்’ என்று அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாரமே ஒரு செத்த இணைப்பைச் சரிசெய்து இருநூறைத் தொட்டாள். முதல் பக்கத்தில், எழுபது பெயர்களுக்கு நடுவில், கடைசித் திருகாணி.

கழுதையில் அழிவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாக அது வெறும் வயிற்றோடுதான் படியேறிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

*

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பசை வாடையும் தோல் வாடையும் வாசலிலேயே வரவேற்கும். அன்று தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லை. தம்பி கணினி முன்னால் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இங்க வாயேன். இதக் கொஞ்சம் பாரு."

பெட்டகம் திறந்திருந்தது. புத்தம் புதிய பதிப்பு, அழகான நிறம். நடுவில் ‘பதிவுகள்: 0’ என்று இருந்தது.

"அறுநூத்திச் சொச்சம் பேரு இருந்தாங்க," என்றான். "புதுசு வந்திருக்குன்னு காட்டுச்சு. எப்பவும் மாத்துற மாதிரிதான் மாத்தினேன். ஒருத்தரையும் காணோம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேடினாள். குப்பைத் தொட்டி, மறைந்த கோப்புகள் என்று தனக்குத் தெரிந்த எல்லா இடமும். ஏழாவது படி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"நகல் எங்கடா?"

"போன தடவை எடுத்தது பென்டிரைவ்ல இருந்துச்சு. அத அழிச்சிட்டுத்தான் நம்ம பாப்பாவோட டான்ஸ் வீடியோவ அதுல ஏத்திக் குடுத்தேன். ஏழாவது படில அந்த வரி வரும்ல, நில்லுங்கன்னு? அது வந்தா எந்திரிச்சுப் போய் பென்டிரைவ எடுப்பேன். நாலு தடவை மாத்தியிருக்கேன், நாலு தடவையும் அப்படித்தான். இந்தத் தடவை வரல. சரி, புதுசுக்கு அது வேண்டாம் போலன்னு போயிட்டேன்."

"மேல, பக்கம் ஆரம்பிக்கிற இடத்துல எழுதியிருப்பாங்களே."

"பழசு இருக்கிறவன் ஏழாவது படிலருந்துதானக்கா ஆரம்பிப்பான்? முதல் ஆறும் புதுசாப் போடறவனுக்கு."

ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கத்தை இருநூறு தடவை படித்தவளுக்கு இது தெரியாது. அவள் ஒரு தடவைகூட ஏழாவது படியிலிருந்து ஆரம்பித்ததில்லை.

அடுக்களையிலிருந்து தம்பி மனைவி கரண்டியோடு வந்தாள். "அண்ணி, நீங்களே கேளுங்க. இருந்த வரி எங்க போகும்? காலா முளைச்சு நடந்து போயிருச்சு? கண்ணாடி மாத்துங்க மாத்துங்கன்னு ஆறு மாசமாச் சொல்றேன், இவர் கேட்டாத்தானே."

"இருந்துச்சுடி. தடியா இருந்துச்சு."

"தடியா இருந்துச்சாம். கனவுல வந்துச்சோ என்னவோ."

தம்பி அக்காவைப் பார்த்தான். வீட்டில் சண்டை வந்தால் சின்ன வயதிலிருந்தே அவளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவான். "அக்கா, நீதான் அந்தப் பக்கத்தையே கரைச்சுக் குடிச்சவ. அங்க ஒரு வரி இருந்துச்சா இல்லையா? நீ சொல்லு."

சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. ‘இருந்தது. நான்தான் எடுத்தேன்’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்குக் கத்தியிருப்பான், மனைவி கரண்டியை வீசியிருப்பாள், சாயந்திரத்துக்குள் ஆறியிருக்கும். ஆனால் முதல் பக்கத்தில் பெயர் வந்த அன்று இவனுக்குத்தான் முதலில் போன் செய்து காட்டினாள், இவன் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினான்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லடா," என்றாள்.

"பாத்தீங்களா?" என்றாள் தம்பி மனைவி.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். "அப்ப நான்தான் மறந்துட்டேன் போல."

*

அதற்கடுத்த ஞாயிறு அவன் புதுக் கண்ணாடி போட்டிருந்தான். மூக்கின் மேல் அது அந்நியனாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அந்த ஆளுங்களுக்கு ஒண்ணு எழுதேன். உனக்குத்தான் அங்க செல்வாக்கு. என்னை மாதிரி மக்குங்களுக்காக ஏழாவது படிக்கு முன்னாடி ஒரு வரி போடச் சொல்லு. அவங்க மேல குத்தம் சொல்ற மாதிரி எழுதாத. தப்பு என்னோடதுதான், அதையும் எழுதிடு. இலவசமாக் குடுக்கிறவங்கள நோகடிக்கக் கூடாது."

அவள் வீட்டுக்கு வந்து எழுதினாள். தப்பு அவனுடையது என்று தம்பி எழுதச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது: ‘சேர்த்துவிட்டோம், நன்றி. இதை நீக்கியதும் நீங்கள்தான் என்று பதிவேடு சொல்கிறது! எல்லோருக்கும் நடப்பதுதான்.’ பின்னால் ஒரு சிரிக்கிற முகம். அந்தப் பதிலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தம்பி அந்தப் பதில்களையெல்லாம் தேடிப் படிக்கிற ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது. திருத்தங்களின் எண்ணிக்கை இருநூற்றொன்றாக ஏறியிருந்தது.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். "இந்த வரி இருக்கு பாருங்க, இது நான் சொல்லிப் போட்டது. உலகம் முழுக்கப் படிக்கிறாங்க." மனைவியிடம், "கனவுல வந்த வரின்னியே, இப்ப எங்க வந்திருக்கு பாரு," என்றான். அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி சரி, ஏதோ ஒண்ணுக்கு உருப்படியா மூளை வேலை செஞ்சுதே," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

நான்காவது ஞாயிறு தபால்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இடது கால் வலதைவிட இரண்டு விரல்கடை குட்டை. எட்டு வருஷமாக இவன் தைத்த ஷூவைத் தவிர வேறெதுவும் போடாதவர். அவருடைய புது ஜோடியை நினைவிலிருந்து தைத்துக் கொடுத்திருந்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலின் வெளிப்பக்கத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"தம்பி, இது என் ஷூதானா? இல்ல வேற யாருதையாவது என் தலைல கட்டிட்டியா?"

"உங்களுதுதான் ஐயா."

"அப்ப கால்தான் வேற யாரோடதோ."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். தம்பி சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே இடத்தில் எட்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு தடவை பிரித்துத் தைத்து ஒரு அளவைக் கண்டுபிடித்திருந்தான். மூன்றா, நாலா, உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்பது நினைவில்லை. ஷூவை வாங்கி வைத்துக்கொண்டு, தேய்ந்து அளவு போன பழைய ஜோடியைப் போட்டு அவரை அனுப்பினான்.

அப்போது போன் அடித்தது. ஒரு பெண்ணின் குரல் வெளியே கேட்டது. பிறவியிலேயே பாதம் திரும்பிய மகளுக்குச் செருப்பு வேண்டுமாம், யாரோ இவன் பெயரைச் சொன்னார்களாம், நாளைக்கு வரட்டுமா என்றாள்.

"இல்லம்மா," என்றான் தம்பி. "அந்த மாதிரி வேலை இப்பச் செய்யறதில்ல. சாதாரணச் செருப்புன்னா தைச்சுத் தரேன். நீங்க வேற எங்கயாவது பாருங்க." போனை வைத்துவிட்டு அக்காவிடம், "புத்தி ஒழுங்கா இருக்கிறவன் செய்ய வேண்டிய வேலை அக்கா இது. இல்லாத வரிய இருந்துச்சுன்னு சாதிச்சவன் நான். நாளைக்குக் குழந்தை கால்ல இல்லாத அளவ இருந்துச்சுன்னு சாதிப்பேன்," என்றான்.

"டேய்," என்றாள். "அந்த வரி இருந்துச்சு."

"இப்பத்தான் இருக்கு."

"முன்னாடியும் இருந்துச்சு. நீ சொன்ன மாதிரியே, தடியா. நான்தான் எடுத்தேன். ரெண்டு தடவை வருதேன்னு எடுத்தேன்."

அவன் புதுக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தான். அதைச் செய்ய அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"நான் உன்னைக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"இவ முன்னாடி வச்சுக் கேட்டேன். நீ சொல்லுன்னேன்."

"ஆமா."

"வரிய எடுத்தது போகட்டும் அக்கா. அது கை. கை தப்புப் பண்ணும், எனக்குத் தெரியாதா, தினம் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறவன். மூணு வாரமா எனக்கு மூளை கலங்கிருச்சோன்னு பயந்து செத்தேன். ராத்திரி எந்திரிச்சு, அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனான்னு நாலு தடவை பாத்தேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போன."

"அந்தப் பொண்ணுக்குத் திரும்பப் போன் பண்ணு. வரச் சொல்லு," என்றாள் அக்கா.

அவன் பண்ணினான். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினான். அந்தப் பெண் எடுத்து, பக்கத்து ஊரில் ஒருவரிடம் பேசி முடித்தாகிவிட்டது, பரவாயில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து ஊர்க்காரர் எல்லாக் காலுக்கும் ஒரே மாதிரி தைக்கிறவர் என்று தம்பிக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டு அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "நீங்க கிளம்புங்க," என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று கூப்பிட்டவன். அதட்டும்போதும் கெஞ்சும்போதும் நீதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியில் அந்த ‘நீங்க’ காலில் குத்திக்கொண்டே வந்தது.

*

முதல் பக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினாள். அப்படியெல்லாம் எடுக்க வழியில்லை, இருநூறு இருநூறுதான் என்று அன்பாகப் பதில் வந்தது. கழுதையைத் திறந்து, இந்தத் தடவை அதில் ஐம்பது பொய்ப் பதிவுகளைப் போட்டு நிரப்பி, ஏழாவது படியிலிருந்து ஏறிப் பார்த்தாள். ஐம்பதும் போயின. தொழிற்சாலையில் திரும்பத் திரும்ப வருகிறதென்று தான் அடித்த வரிகள் எத்தனை, பாதியிலிருந்து கட்ட ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. திருகாணியை எண்ணலாம்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மனைவிதான் கூப்பிட்டாள். "அண்ணி, பழைய ஆளுங்கள ஒவ்வொருத்தரா வரச் சொல்லி மறுபடி அளவு எடுக்கிறார். ரெண்டு கையாலயும் காலப் பிடிச்சிருக்கார், எழுத ஆள் இல்ல. எனக்கு அடுப்பு இருக்கு. நீங்க வாங்க. அவர் வர வேண்டாம்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வாங்கன்னும் சொல்லல. நான்தான் சொல்றேன்," என்றாள்.

போனாள். பெஞ்சில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் அமர்ந்து அவருடைய இடது பாதத்தைக் காகிதத்தின்மேல் அழுத்திக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே, "கணினில பேரு திறந்திருக்கு," என்றான். அவள் உட்கார்ந்தாள்.

"நீளம் இருநூத்தி முப்பத்தெட்டு."

தட்டினாள்.

"குதிகால் வெளிப்பக்கம் நாலு. உள்பக்கம் ஒண்ணரை."

தட்டினாள்.

"வாசிங்க."

"நீளம் இருநூத்தி முப்பத்தெட்டு. குதிகால் வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் ஒண்ணரை."

அவன் பாதத்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, விரலை ஒவ்வொரு எண்ணின் கீழும் வைத்துத் தானே ஒருமுறை படித்தான். தபால்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் படித்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

"ம்," என்றான். திரும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்து, வலது காலை எடுத்தான்.